பிடித்தம் – 7: பாஸ்புக்கில் ஒரு வரி

சேர்ந்த விவசாயிகள் 3,110 பேர். வசூலான பிரீமியம் 4.54 லட்சம் ரூபாய். கொடுத்த இழப்பீடு 37.88 லட்சம்.

1972-73-ல் குஜராத்தில் எச்-4 பருத்திக்கென்று தொடங்கிய சோதனைத் திட்டம், தமிழ்நாடு உட்பட இன்னும் சில மாநிலங்களைத் தொட்டுவிட்டு 1978-79-ல் முடிந்தபோது, பொதுக் காப்பீட்டுக் கழகத்தின் கையில் மிஞ்சிய கணக்கு இதுதான். ஒரு ரூபாய் வாங்கி எட்டு ரூபாய்க்கு மேல் கொடுத்த கடையை இனி யார் திறப்பார்கள் என்ற கேள்வியோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம்.

கடையைத் திறக்க வழி சொன்னவர் காப்பீட்டுத் துறைக்காரர் அல்லர். புனேயின் கோகலே நிறுவனத்துப் பொருளாதார அறிஞர் வி.எம். தாண்டேகர். 1976-லேயே அவர் எழுதி வைத்துவிட்டார். வயல் வயலாகப் போய் நட்டம் பார்க்காதீர்கள், ஒரு வட்டாரத்தின் சராசரி விளைச்சலைப் பாருங்கள் என்பது முதல் யோசனை. காப்பீட்டைத் தனியாக விற்காமல் பயிர்க்கடனோடு சேர்த்துவிடுங்கள் என்பது இரண்டாவது.

முதல் யோசனை கடலாடி வட்டத்துச் சிக்கலுக்கு வரும்போது என்ன ஆகிறது? (நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் சிங்காரவேலர் இருக்கும் சிக்கல் வேறு. இது இராமநாதபுரம் சீமையின் வானம் பார்த்த சிக்கல்.) இந்தப் பக்கம் புரட்டாசியிலேயே புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள். மழை வந்து கண்மாய் பெருகினால் மடைக்குப் பக்கத்து வயல் தப்பிக்கும். அதே ஆயக்கட்டின் கடைமடை, கதிர் வாங்கும் நேரத்தில் ஒரு தண்ணீர் இல்லாமல் கருகும். அதிகாரிகள் கிராமத்தில் சில வயல்களைத் தேர்ந்து, ஐந்துக்கு ஐந்து மீட்டர் அளந்து, அறுத்துத் தூற்றி எடை போடுவார்கள். அந்தச் சராசரி சொல்வதே ஊர் முழுவதற்கும் விளைச்சல். உங்கள் வயல் கட்டாந்தரையாகக் கிடந்தாலும், சராசரி தேறிவிட்டால் உங்களுக்கு ஒரு காசு வராது.

அநியாயம் என்றுதான் தோன்றும். ஆனால் தாண்டேகரின் கணக்கில் ஒரு நேர்மை இருந்தது. ஆயிரக்கணக்கான துண்டு வயல்களை ஒவ்வொன்றாகச் சோதிக்க எந்த நிறுவனத்திடமும் ஆள் கிடையாது. அந்த வழியில் போன கணக்குத்தான் 37.88 லட்சத்தில் முடிந்தது.

இந்தத் தொடருக்கு முக்கியம் இரண்டாவது யோசனை. கடன் வாங்குகிற எல்லோரும் காப்பீட்டில் சேர்ந்துவிட்டால், நட்டம் நிச்சயம் என்று தெரிந்தவர் மட்டும் சேரும் ஆபத்து இல்லை. ஏஜென்ட் வேண்டாம், வசூலுக்கு அலைய வேண்டாம். கடன் கொடுக்கும்போதே பிரீமியத்தைப் பிடித்துக்கொள்ளலாம். பயிர் பொய்த்தால் இழப்பீடும் நேராகக் கடன் கணக்குக்கே போகும். சம்சாரிக்குக் கடன் சுமை குறையும். வங்கிக்கு வராக்கடன் குறையும். இரண்டும் உண்மை. ஆனால் மேசையில் முதல் இலை யாருக்குப் போடப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

1979-ல் கழகம் இந்த வழியில் ஒரு முன்னோடித் திட்டம் நடத்திப் பார்த்தது. கடன் வாங்கியவர்களுக்கு மட்டும், விருப்பப்பட்டால். 1985 ஏப்ரல் 1-ல் வந்த விரிவான பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த 'விருப்பப்பட்டால்' காணாமல் போனது. திட்டத்தில் சேர்ந்த மாநிலத்தில், குறித்த பயிருக்குக் கடன் வாங்கினால் காப்பீடும் கட்டாயம். தானியத்துக்கு 2 சதவீதம், பயறுக்கும் எண்ணெய் வித்துக்கும் 1 சதவீதம். சிறு, குறு விவசாயிகளுக்குப் பிரீமியத்தில் பாதியை அரசு ஏற்றது. 1999 வரை வசூலான பிரீமியம் ஏறக்குறைய 404 கோடி, கொடுத்தது 2,300 கோடிக்கு மேல். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு குஜராத் என்ற ஒரே மாநிலத்துக்குப் போனது. அங்கே நிலக்கடலை.

1999-2000 ரபி பருவத்தில் வந்த தேசிய வேளாண் காப்பீட்டுத் திட்டம், கடன் வாங்காதவருக்கும் கதவைத் திறந்தது. கடன் வாங்கியவருக்கு மட்டும் வெளியே போகக் கதவு இல்லை.

இப்படித்தான் பாஸ்புக்கில் அந்த ஒரு வரி குடியேறியது.

"இது என்ன பிடிச்சிருக்கு?"

"இன்சூரன்ஸ்ண்ணே."

"எந்தக் கம்பெனி?"

"அதெல்லாம் மேலே இருந்து போட்டு வரும்."

எந்த ஊர்ச் சொசைட்டியிலும் கேட்கக்கூடிய பேச்சுதான். கமிஷன் கடையில் முண்டு மிளகாய்ச் சாக்கை எடை போடும்போது தராசைவிட்டுக் கண்ணை எடுக்காத சம்சாரி, கடன் பத்திரத்தில் எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்பார். அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மழைக்கு முன்னால் விதை வாங்கியாக வேண்டும்; 2020 வரை, காப்பீடு வேண்டாம் என்றால் கடனே இல்லை. ஆனாலும் பிடித்த பணத்துக்கு ரசீது கேட்பதை எந்தத் திட்டமும் தடுக்கவில்லையே. எந்தப் பயிருக்கு, எந்தச் சர்வே எண்ணுக்கு, எவ்வளவு தொகைக்கு என்று எழுதி வாங்கியவர் எத்தனை பேர்?

இங்கே கொஞ்சம் லண்டனுக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. நம் ஊரில் பிடித்தம் வேரூன்றிய அதே காலத்தில், பிரிட்டன் வங்கிகளும் கடனோடு காப்பீட்டைக் கட்டி விற்றன. வேலை போனாலோ உடம்புக்கு முடியாமல் படுத்தாலோ தவணையை இன்சூரன்ஸ் கட்டும் என்றார்கள். சுயதொழில் செய்தவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும்கூட விற்றார்கள். அவர்கள் எந்த வேலையை இழப்பது? பலருக்கு மொத்தப் பிரீமியத்தையும் முன்கூட்டியே கடனோடு சேர்த்து, அதற்கும் வட்டி போட்டார்கள். ஒரு விதவைப் பெண்மணி கட்டிய 5,780 பவுண்டு பிரீமியத்தில் 71.8 சதவீதம் கமிஷனாகவே போனது என்பதை 2014-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. வங்கிகள் வழக்காடிப் பார்த்தன; 2011 ஏப்ரலில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் தோற்றன. மக்கள் எழுதிக் கேட்கத் தொடங்கினார்கள். 2019 ஆகஸ்ட் 29 கடைசி நாள். திரும்பிய பணம் 3,800 கோடி பவுண்டுக்கு மேல்.

அங்கே கேட்டது கட்டிய பிரீமியத்தை. நம் சம்சாரி பிரீமியத்தைத் திருப்பிக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவருக்குக் காப்பீடு வேண்டும். அது வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான். நம் பக்கத்துச் சண்டை வேறு மாதிரி ஆனதற்கு அதுவே காரணம் என்பேன்.

2016 ஜனவரி 13, போகிக்கு முதல் நாள். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. காரிஃபுக்கு 2, ரபிக்கு 1.5, தோட்டக்கலை மற்றும் பணப்பயிருக்கு 5 சதவீதத்துக்கு மேல் விவசாயி கட்ட வேண்டாம். மீதி மத்திய, மாநில அரசுகளுடையது. கடந்த ஏழு ஆண்டுகளில், பேரிடர் ஆண்டு என்று மாநில அரசு அறிவித்தவற்றில் அதிகம் போனால் இரண்டை விட்டுவிட்டு, மீதியின் சராசரியை வைத்து ஒரு வரம்பு. ஊர் விளைச்சல் அதற்குக் கீழே எவ்வளவு போகிறதோ அந்த விகிதத்தில் இழப்பீடு. கடன்காரருக்குப் பிடித்தம் அப்போதும் கட்டாயமாகவே இருந்தது.

அந்த ஆண்டு புரட்டாசியில் விதைத்தார்கள். வழக்கம்போல் பிடித்தார்கள். ஐப்பசி வந்தது, மழை வரவில்லை. கார்த்திகையும் போனது. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. புழுதியில் போட்ட நெல் பல இடங்களில் முளைக்கவே இல்லை. 2017 ஜனவரி 10 அன்று முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தார்.

இனி சராசரிச் சண்டைக்கு இடமில்லை. மடையும் கடைமடையும் ஒன்றாகக் காய்ந்த ஆண்டு அது. முதல் முறையாகப் பலர் பாஸ்புக்கை எடுத்து அந்த வரியைத் தேடினார்கள். தேதி இருந்தது. தொகை இருந்தது.

ஆனால் பிடித்தால் மட்டும் காப்பீடு ஆகிவிடாது. வங்கி அந்தப் பணத்தையும், கூடவே பயிர், கிராமம், பரப்பு ஆகிய விவரங்களையும் குறித்த தேதிக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். கிராமத்தின் பெயரை மாற்றி அனுப்பியிருந்தால் இவருடைய நெல் வேறொரு ஊரின் விளைச்சலோடு ஒப்பிடப்படும். அனுப்பவே இல்லையென்றால், நிறுவனத்தின் பட்டியலில் அப்படி ஒரு சம்சாரியே கிடையாது.

பணம் பிடித்தாயிற்று, பெயர் போகவில்லை. அப்படியானால் இழப்பீட்டை யார் கொடுப்பது? திட்டத்தின் விதிப்புத்தகத்தில் இதற்கு ஒரு பதில் இருந்தது. எந்த வங்கியும் வாசித்துக் காட்ட விரும்பாத பதில்.

(அடுத்த வாரம்)