வயதில்லாத தரக்குறி: குழந்தைக் கொழுப்பு குறித்து

சிங்கப்பூரின் செம்பவாங் பேரங்காடியின் குளிர்ப்பெட்டியில் முழுக்கொழுப்புப் பாலும் குறைகொழுப்புப் பாலும் அருகருகே நிற்கும். முதலாவதன் தரக்குறி ‘சி’. 2022 டிசம்பர் 30 முதல் நடப்பிலுள்ள நியூட்ரி-கிரேட் முறை, பானத்தில் உள்ள சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் கொண்டு ஏ முதல் டி வரை தரம் பிரிக்கிறது. 100 மில்லிலிட்டரில் நிறைவுற்ற கொழுப்பு 1.2 கிராமைத் தாண்டினால் சி. முழுப்பாலில் அது ஏறத்தாழ 2.3 கிராம். கணக்கில் பிழையில்லை. ஆனால் பாலை எடுக்கும் தாயின் இடுப்பில் பதினைந்து மாதக் குழந்தை இருந்தால், அந்த எழுத்து அவளிடம் தவறான செய்தியைச் சொல்கிறது.

தாய்ப்பாலின் ஆற்றலில் ஏறக்குறையப் பாதி கொழுப்பிலிருந்தே வருகிறது. குழந்தையின் இரைப்பை சிறியது. வளர்ச்சியின் தேவையோ பெரியது. கிராமுக்கு 9 கிலோகலோரி தரும் கொழுப்பின்றி, 4 தரும் கஞ்சியின் மாவுச்சத்தால் மட்டும் அந்த இடைவெளியை நிரப்புவது கடினம். மூளையின் உலர் எடையில் பாதிக்கு மேல் கொழுப்புப் பொருள்களே. ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடலில் சேரவும் கொழுப்பு வேண்டும். பெரியவர்களுக்கு மொத்த ஆற்றலில் கொழுப்பு 30 விழுக்காட்டுக்குள் என்று 2023இல் வரம்பு சொன்ன உலகச் சுகாதார நிறுவனமும், நிறைவுற்றதற்கு வைத்த 10 விழுக்காட்டு வரம்பு இரண்டு வயது முதலே பொருந்தும் என்றது.

இரண்டு வயதுக்குப் பின் குறைகொழுப்புப் பாலுக்கு மாறுவதை நான் மறுக்கவில்லை. மறுப்பது, பெரியவர்களின் அச்சத்தைத் தொட்டில்வரை நீட்டுவதை. பாலின் இயற்கைச் சர்க்கரையான லாக்டோஸைக் கணக்கில் சேர்க்காத அளவுக்கு நுட்பமான ஒரு விதிமுறை, குடிப்பவரின் வயதைப் பெட்டியின்மேல் சொல்லாமல் விட்டது வியப்பே. ஆளைப் பாராமல் எடையை மட்டும் அளந்தால் என்ன ஆகும் என்பதைச் சிங்கப்பூர் முன்பே கண்டிருக்கிறது: 1992இல் பள்ளிகளில் தொடங்கிய ‘ட்ரிம் அண்ட் ஃபிட்’ திட்டம், பருமனான பிள்ளைகளைத் தனியே பிரித்துக் கேலிக்கு ஆளாக்கியதென்ற குறைகூறலுக்கிடையே 2007இல் கைவிடப்பட்டது.

நம் வீட்டு வழக்கத்துக்கும் முழு வெற்றி இல்லை. பருப்புச் சோற்றில் நெய்விட்டுப் பிசையும் பாட்டி ஆற்றலைப் பொறுத்தவரை சரியானதையே செய்கிறாள். நெய்யில் கிட்டத்தட்ட இல்லாதது டிஹெச்ஏ. மூளைக்கும் விழித்திரைக்கும் வேண்டிய அந்த ஒமேகா-3 கொழுப்பு, மலாயில் ஈக்கான் கெம்போங் எனப்படும் கானாங்கெளுத்தியில் உண்டு. விலையுயர்ந்த பால்மா டின்னில் பெரிய எழுத்தில் விளம்பரமாகும் அதே பொருள், ஈரச்சந்தையில் எழுத்து ஏதுமின்றி ஐஸ்மேல் கிடக்கிறது. முள் பார்த்து எடுக்கும் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

பால் பெட்டிக்கு ‘சி’ இருக்கட்டும். அதன் கீழே ‘இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கு இத்தரம் பொருந்தாது’ என்று ஒரு வரி, நான்கு மொழிகளிலும்.