கன்னடியன் கால்வாய்

கன்னடியன் கால்வாய் திருநெல்வேலி மாவட்டத்தில் தாமிரபரணியின் தென்கரையில் ஓடும் பழைய பாசனக் கால்வாய். ஆற்றின் குறுக்கே உள்ள எட்டு அணைக்கட்டுகளில் மேலிருந்து மூன்றாவதான கன்னடியன் அணைக்கட்டில், கல்லிடைக்குறிச்சிக்கு அருகே இது பிரிகிறது. வீரவநல்லூர், காருக்குறிச்சி, சேரன்மகாதேவி, பத்தமடை, கோபாலசமுத்திரம் எனக் குளங்களை நிரப்பிக்கொண்டு முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடி, 12,500 ஏக்கர் நெல்வயலுக்குத் தண்ணீர் தருகிறது. ஆண்டுதோறும் கார் சாகுபடிக்காக அணை திறக்கும்போது முதலில் தண்ணீர் பெறும் நான்கு கால்வாய்களின் ஆயக்கட்டு மொத்தம் 18,090 ஏக்கர். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இந்த ஒரு கால்வாயுடையது.

தாமிரபரணி அணைக்கட்டுகளில் கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் ஆங்கிலேயர் காலத்தது. அது 1870களில் முடிந்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. கன்னடியன் கால்வாய்க்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை ஊர்க்கதை ஒன்று விரிவாகச் சொல்கிறது. தீராத நோயில் விழுந்த சேரநாட்டு அரசன், எள்ளால் தன் உருவம் செய்து, அதற்குள் பொன்னும் மணியும் வைத்துத் தானம் கொடுக்க முன்வருகிறான். தானத்தோடு நோயும் பாவமும் வந்து சேரும் என்று அஞ்சி எவரும் கை நீட்டவில்லை. கன்னட தேசத்து இளம் அந்தணர் ஒருவர் வாங்குகிறார். பொம்மை உயிர்பெற்று மூன்று விரலைக் காட்டுகிறது: மூன்று வேளைச் சந்தியாவந்தனத்தின் பலனும் வேண்டுமாம். அவர் மறுக்கிறார். இரண்டு விரலுக்கும் மறுப்பு. ஒரு வேளைப் பலனுக்கு மட்டும் சம்மதிக்கிறார். கிடைத்த செல்வத்தை அம்பாசமுத்திரத்துக் கோயில் அர்ச்சகர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பொதிகைக்கு அகத்தியரைத் தேடிப் போகிறார். திரும்பி வந்தால் மூட்டையில் மணிகளுக்குப் பதில் துவரை. பொய்ச்சத்தியம் செய்த அர்ச்சகரை இறைவன் எரித்து ஆட்கொண்டார் என்று அவ்வூர்க் காசிபநாதர் கோயில் வரலாறு அந்தக் கதையை முடிக்கிறது. மீட்ட செல்வம் கால்வாயாகிறது.

இதை நடந்த வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் பொதுப்பணிக்கான பணம் எப்படிப்பட்டது என்பதைக் கதை கூர்மையாகவே பார்த்திருக்கிறது. வாங்கியவருக்கு அது சுமை. பத்திரமாக வைத்த இடத்திலேயே களவு போகும். ஊருக்குப் பயன்படும் வேலையில் இறங்கினால்தான் பாரம் கழியும்.

கால்வாயின் போக்கையும் கதையே வகுக்கிறது. ஒரு பசுவைப் பின்தொடர வேண்டும். அது நடக்கும் வழியில் கால்வாய் வெட்ட வேண்டும். கோமியம் விட்ட இடத்தில் மடை, படுத்த இடத்தில் குளம். பசு செங்குத்தாக ஏறி இறங்காமல் சரிவை ஒட்டி நடக்கக்கூடியது. கன்னடியனும் தென்பக்க மேட்டை ஒட்டியே, உயரத்தை விட்டுக்கொடுக்காமல் மெல்லிய சரிவில் போகிறது. அதனால்தான் கால்வாய்க்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட வயல்களுக்கெல்லாம் எந்த ஏற்றமும் இல்லாமல் தண்ணீர் தானாக இறங்கிப் பாய்கிறது.

கால்வாய்க்குப் பணம் திரட்டும் வழிகள் நாட்டுக்கு நாடு மாறின. அமெரிக்காவில் 1817-இல் தொடங்கி 1825-இல் முடிந்த ஈரி கால்வாய்க்கு மத்திய அரசின் உதவி கிடைக்காததால், நியூயார்க் மாநிலம் கடன்பத்திரம் விற்றுச் சுமார் 70 லட்சம் டாலர் திரட்டியது. அது படகுப் போக்குவரத்துக்கான கால்வாய். சுங்க வசூலிலேயே கடன் அடைந்தது. சென்னை மாகாணத்தில் கர்நூல்–கடப்பா கால்வாயை லண்டனில் தொடங்கிய தனியார் கம்பெனி ஒன்று வெட்டியது. பத்து லட்சம் பவுன் முதலுக்கு ஐந்து சதவீத வட்டியை அரசே உறுதிசெய்திருந்தும் கம்பெனி நட்டப்பட்டது. 1882-இல் அரசு கால்வாயை விலைக்கு வாங்கியது.

தாமிரபரணிக் கால்வாய்கள் நிலைத்தது வெட்டிய பணத்தால் மட்டும் அல்ல. தூர்வாரும் செலவும் உழைப்பும் ஆண்டுதோறும் தேவை. ஊரார் ஆள் கொடுத்துக் கரையையும் மடையையும் பேணிய குடிமராமத்தை, 1858-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் ஆங்கில அரசு கட்டாய உழைப்பாக்கியது. மனமொப்பிச் செய்த வேலை சட்டத்தின் மிரட்டலில் நடக்குமா? அந்த ஏற்பாடு மெல்லத் தேய்ந்தது. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியபோது, செலவில் பத்து சதவீதத்தைப் பாசன விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்று வைத்தது.

சேரன்மகாதேவியில் கால்வாய்க் கரையில் மிளகுப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. மழை பொய்த்தால் பிள்ளையாருக்கு மிளகை அரைத்துப் பூசி, அபிஷேகம் செய்த தண்ணீரைக் கால்வாயில் விடுவது விவசாயிகளின் வழக்கம்.

தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புத் திட்டத்தின் வெள்ளநீர்க் கால்வாயும் கன்னடியனிலிருந்தே, வெள்ளாங்குளியில் பிரிகிறது. கடலுக்குப் போகும் வெள்ளத்தை நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்து வறண்ட நிலங்களுக்குக் கொண்டுபோகும் இது சுமார் 75 கிலோமீட்டர் நீளம். 2009-இல் வேலை தொடங்கியபோது மதிப்பீடு 369 கோடி ரூபாய். 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்டபோது செலவு ஆயிரம் கோடியைத் தாண்டியிருந்தது.