கொழுக்கிப்புழுவும் டிஜிட்டல் தாங்குதிறனும்

ஹட்டன், நுவரெலியா பக்கம் யாராவது "டிஜிட்டல் தாங்குதிறன்" பயிற்சிக்குக் கூப்பிட்டா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது ஒரு புழு. சிரிக்காதீங்க, காரணம் இருக்கு.

1916இல அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் இலங்கையில கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்குச்சு. தொடங்கின இடம் மாத்தளைத் தோட்டங்கள். லயத்துல நெருக்கடி, கக்கூசு கிடையாது, எல்லாரும் வெறுங்கால். மண்ணுல இருக்கிற புழுக்குஞ்சு பாதத்துத் தோலைத் துளைச்சு உள்ள போய், கடைசியில குடல்ல ஒட்டிக்கிட்டு இரத்தம் குடிக்கும். ஆள் வெளிறிப்போய், நாலு எட்டு ஏறினாலே மூச்சு வாங்கும். அமெரிக்காவின் தென்பகுதியில பத்திரிகைக்காரங்க இதுக்கு "சோம்பல் கிருமி"ன்னே பேர் வச்சாங்க. நோயாளியைச் சோம்பேறின்னு சொல்றது அப்பவே இருந்த பழக்கம்தான்.

மன்றம் என்ன செஞ்சது? விளக்கவுரை நடத்துச்சு, புழு எப்படிப் பரவுதுன்னு சொல்லிக்கொடுத்துச்சு, செனொபோடியம் எண்ணெயைக் குடிக்கக் கொடுத்துச்சு. குடிச்சா தலை சுத்தும், வயிறு போகும். அன்னைக்கு மலை ஏற முடியாது. துரைமார் முதல்ல கணக்குப் பார்த்தது அந்த இழந்த வேலை நாளைத்தான். மருந்து வேலை செஞ்சது உண்மை. ஆனா குணமானவங்க அதே மண்ணுல அதே வெறுங்காலோட நடந்தாங்க, திரும்பவும் புழு வந்துச்சு. கக்கூசு கட்டுங்கன்னு மருத்துவர்கள் கேட்டாங்க. செலவுன்னு பல தோட்டங்கள் இழுத்தடிச்சுச்சு. இத்தனைக்கும் தொழிலாளர் சுகாதாரத்தைத் தோட்டத்தின் பொறுப்பாக்கின சட்டங்கள் 1912லயே வந்தாச்சு!

அதாவது, பாடம் வந்தது, கக்கூசு வரல.

இப்ப போனுக்கு வருவோம். 2020 மார்ச்ல பள்ளிக்கூடம் மூடினதும், ஒரு லயக் காம்பராவுல மூணு பிள்ளைக்கு ஒரு போன்ங்கிற நிலைமை. சிக்னலுக்காக மேட்டுக்கு ஓடணும், டேட்டாவுக்கு அம்மாவோட நாட்சம்பளத்துல கை வைக்கணும். 1000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில வந்ததே 2021 மார்ச்சுலதான். பொய் மருத்துவச் செய்தி, கடன் ஆப், பிள்ளைகளோட படத்தை வச்சு மிரட்டுறது, தூக்கம் கெடுறது, இதையெல்லாம் பத்திச் சொல்லிக்கொடுக்கிறது தேவைதான், நான் மறுக்கல. ஆனா எங்களுக்கு போன் பாவிக்கவே தெரியாதுங்கிற மாதிரி ஆரம்பிக்கிறதுதான் எரிச்சல். 2018 ஒக்டோபர்ல அந்த 1000 ரூபாவுக்காகக் கறுப்பு உடையில காலிமுகத்திடலை நிறைச்ச மலையக இளைஞர்களைத் திரட்டினதுல சமூக ஊடகத்துக்குப் பெரிய பங்கு இருந்துச்சு. அதுக்கு யாரும் பட்டறை வைக்கல.

"தாங்குதிறன்"ங்கிற சொல்லையே கொஞ்சம் பாருங்க. தாங்கப்போறது யாருன்னு தெரியுது. எதைன்னு மட்டும் பேச மாட்டாங்க. 1990 சுவசெரியவுக்கு அழைக்கச் சொல்லித் தரலாம். அந்த அம்புலன்ஸ் லயத்து வாசல் வரைக்கும் வர பாதை வேணும். மனசு சரியில்லன்னா உதவி கேளுங்கன்னு சொல்லலாம்; அந்தப் பக்கம் தமிழ்ல பேச ஆள் வேணும்.

அடுத்த தடவை அழைப்பு வந்தா ஒண்ணே ஒண்ணு கேட்டுப் பாருங்க. காலையில பெரட்டு, பத்து மணிக்குப் பயிற்சி. அன்னைக்கு அம்மாவுக்குப் பேர் விழுமா, இல்ல அரைப்பேர்தானா?