லோசெக்கா, லாசிக்ஸா? ஓர் அசையின் வரலாறு

மாத்திரை அட்டையில் இருக்கும் நீளமான இங்கிலீஷ் பேரைப் படிக்கத் திணறுறீங்களா? அசை பிரிச்சுப் படிங்க, எளிதா வந்துடும். இந்த முறைக்குப் பின்னால ஒரு சுவாரசியமான வரலாறு இருக்கு.

18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் கற்ற பிள்ளைகள் பலரின் கையில் இருந்தது தாமஸ் டில்வொர்த்தின் பாடப்புத்தகம். அதில் ‘கிளஸ்டர்’ என்ற சொல்லை ‘கிள-ஸ்டர்’ என்று பிரித்திருந்தார்கள். ஒரே மூச்சில் வரும் ‘ஷன்’ விகுதியை ‘டி-ஆன்’ என இரண்டு அசையாக எண்ணினார்கள்.

1783இல் அமெரிக்கப் பள்ளி ஆசிரியர் நோவா வெப்ஸ்டர் இதை மாற்றினார். காதில் எப்படி விழுதோ அப்படியே பிரி என்பதுதான் அவர் வழி. ‘கிளஸ்-டர்’ என்றார். ‘ஷன்’ ஒரே அசை ஆச்சு.

சரி, பிரிச்சா மட்டும் போதுமா?

போதாது. தமிழில் எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே பலம் கொடுக்கிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கும், மற்றவை அடங்கிப்போகும். ‘ஆ-ப-ரே-ஷன்’, ‘இன்-ஜெக்-ஷன்’ சொல்லிப் பாருங்க. ‘ஷன்’னுக்கு முந்தின அசையில்தான் அழுத்தம் விழும்.

இது வெறும் இலக்கணம் இல்லை, உயிர் விஷயம்.

1989இல் அமெரிக்காவில் ஓமிப்ரசோல் ‘லோசெக்’ என்ற பேரில் வந்தது. அது வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து. ஏற்கெனவே ‘லாசிக்ஸ்’ இருந்தது. அது சிறுநீரை அதிகமாகப் பிரிய வைக்கும் மருந்து.

இரண்டுக்கும் ‘ல’வில் தொடக்கம், இரண்டே அசை, முதல் அசையில் அழுத்தம். இரண்டிலும் 20 மில்லிகிராம் அளவு உண்டு. டாக்டர் கிறுக்கல் வேற. கேட்கவேண்டியதுக்குப் பதில் மற்றது கைமாறியது.

1990இல் தீர்வு வந்தது. முன்னால ஓர் அசையைச் சேர்த்து ‘ப்ரைலோசெக்’ ஆக்கினார்கள். மூன்று அசை, அழுத்தம் ‘ப்ரை’க்கு மாறியது.

கதை முடிஞ்சதா? இல்லை! பிறகு அதையே மனச்சோர்வு மருந்தான ‘ப்ரோசாக்’குடன் குழப்பிக்கொண்டார்கள்.

அதனால், மருந்துக் கடைக்கு போன்ல மாத்திரைப் பேர் சொல்லும்போது மூணு விஷயம் செய்யுங்க:

1. அசை அசையா நிறுத்திச் சொல்லுங்க.
2. எழுத்துக்கூட்டிச் சொல்லுங்க.
3. எந்த நோய்க்குன்னு சேர்த்துச் சொல்லுங்க.

மாத்திரை கைக்கு வந்ததும் அட்டையைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்க. பேர் ஒத்து வரலைன்னா, விழுங்குறதுக்கு முன்னாடி கேளுங்க.