மழைநீர் மூடிய கடலில் மீன்களுக்கு மூச்சு முட்டுவது ஏன்?

கடல் ஓயாமல் அலையடிப்பதால் மேல் நீரும் அடி நீரும் தானாகவே கலந்துவிடும் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். கேரளா, கர்நாடகம், கோவா கரையோரக் கடலில் ஆண்டுதோறும் சில மாதங்கள் அப்படி நடப்பதில்லை.

கரையிலிருந்து சுமார் 200 மீட்டர் ஆழம் வரை மெல்லச் சரியும் கடலடி நிலத்தைக் கண்டத்திட்டு என்கிறோம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது, பூமியின் சுழற்சியால் மேல் நீர் கரையைவிட்டு விலகுகிறது. அந்த இடத்தை நிரப்ப, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் திட்டின் மேல் ஏறி வருகிறது. அதில் உரச்சத்து நிறைய. ஆக்சிஜனோ மிகக் குறைவு. உரச்சத்தால் மிதவை உயிரிகள் பெருகுகின்றன, அவற்றைத் தின்று மத்தி மீன் பெருகுகிறது. கேரளத்தின் மீன் வளத்துக்கு இது பெரிய அடித்தளம்.

சிக்கல் மழையால் வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டும் மழை ஆறுகள் வழியே கடலில் சேர்ந்து, சில மீட்டர் கனமே உள்ள படலமாக மேலே பரவுகிறது. உப்பு குறைந்த நீர் லேசானது. நன்னாரி சர்பத்தில் பாகு அடியில் தங்க, தண்ணீர் மேலே நிற்பதைப் பார்த்திருப்போம்; கலக்கினால்தான் சேரும். கடலிலும் அதே கதைதான். காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்தப் படலத்தைத் தாண்டி இறங்க முடிவதில்லை. மடிந்து விழும் மிதவை உயிரிகளைச் சிதைக்கும் பாக்டீரியாக்களோ அடியில் மிஞ்சிய ஆக்சிஜனையும் தீர்த்துவிடுகின்றன.

செப்டம்பர், அக்டோபரில் நிலைமை முற்றும். சில இடங்களில் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு உருவாகிறது. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் விஞ்ஞானி நக்வியும் குழுவினரும் இதை 2000-ல் ‘நேச்சர்’ இதழில் பதிவுசெய்தனர். வெப்பத்தைப் பிடித்துவைக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவும் அங்கே பெருமளவில் உருவாவதை அவர்கள் கண்டனர். வயல்களிலிருந்து வடியும் உரம் இதைக் கூட்டக்கூடும் என்பது அவர்கள் கணிப்பு.

அடியில் வாழும் மீனும் இறாலும் மூச்சுக்காகக் கரைப்பக்கம் ஒதுங்குகின்றன. அப்போது கரையோர வலையில் மீன் குவிந்தால், அதை வளம் என்று எண்ணிவிடக் கூடாது. அதே நாளில் ஆழத்தில் இழுக்கும் வலை வெறுமையாக வரலாம். கொச்சிக்கு அப்பால் இந்த நீர் பரவிய இடங்களில் இழுவலைப் பிடிப்பு குறைவதை கார்ல் பான்சே 1959-லேயே எழுதியிருக்கிறார்.

பருவக்காற்று ஓய்ந்து, நீரோட்டம் திசை மாறியதும் ஆழ்நீர் பின்வாங்குகிறது. ஆண்டு இறுதிக்குள் திட்டின் அடிவரை ஆக்சிஜன் மறுபடி எட்டிவிடுகிறது.