சொல்தா தாத்தா

முதலியார்பேட்டையில் ரோடியர் மில் சங்கு ஊதினால் தெருவே வேலைக்குக் கிளம்பும். எங்க தாத்தா மட்டும் திண்ணையிலேயே இருப்பார். அவர் ‘சொல்தா’. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து சைகோன்வரை போய் வந்தவர்களுக்குப் புதுச்சேரியில் அதுதான் பேர். பிரான்ஸ் பென்ஷனில்தான் அம்மாவைப் படிக்க வைத்தார்.

1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தாலும், சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம்; இல்லாவிட்டால் இங்கே பிறந்து வாழ்பவர் தானாகவே இந்தியர். சொல்தாக்கள் பலர் எழுதிக் கொடுத்தார்கள். தாத்தாவும்தான். காசுக்காக நாட்டை விட்டவர்கள் என்று இவர்களைச் சொல்வது எனக்கு ஒப்பலை.

ஜூலை 14 அன்று மெடல் குத்திக்கிட்டு, கடற்கரையில் 1938-இல் திறந்த போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார். அடுத்த மாதம் ஆகஸ்ட் 15-க்கு என் பள்ளிக்கூடச் சட்டைக்கு இஸ்திரி போடுறதும் அவர்தான்.