சுவரின் இருபுறமும்: 1745 புதுச்சேரியும் ஆன்ம சோதனையின் எல்லையும்

முதலியார்பேட்டைக்கு வடக்கே, மிஷன் வீதியில் இன்று நிற்கும் சம்பா கோவில் 1791இல் கட்டி முடிந்தது. அதற்கு முன்பிருந்த கோவில் 1761இல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்தபோது அழிந்தது. அந்தப் பழைய கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்ததாக ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1745 அக்டோபரில் எழுதி வைத்திருக்கிறது. பறையர் சமூகத்துக் கிறிஸ்தவர்கள் ஒருபுறம், ஏனைய சாதியாரும் ஐரோப்பியரும் மறுபுறம். பறையர்கள் குருவிடம் முறையிட்டார்கள், சுவர் அகற்றப்பட்டது, சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள்.

ஆன்ம சோதனையைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பதிவைக் கையில் எடுப்பதில்லை. சாதி வரலாற்றுக்கு உரியதென்று ஒதுக்கிவிடுகிறார்கள். என் பார்வையில் இது, பாவசங்கீர்த்தனத்துக்கு முன் தன் குற்றங்களைத் தானே ஆராயும் ஆன்ம சோதனையின் வரலாறேதான். ஆண்டுக்கொருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்பது 1215இன் லாத்தரன் சங்கம் முதல் திருச்சபைச் சட்டம். அப்படியென்றால் அந்தச் சுவரைக் கடந்து வந்து முழந்தாளிட்டு, பாவங்களைச் சொல்லி, மன்னிப்புப் பெற்று, சுவரின் தன் பக்கத்துக்கே திரும்பியவர்கள் எத்தனை பேர்!

தமிழில் அந்தச் சோதனைக்கான கருவி இல்லை என்றும் சொல்ல முடியாது. இயேசு சபைக் குருவான அண்டிறீக்கி அடிகளார் பாவசங்கீர்த்தனத்துக்கென்றே 1580இல் கொச்சியில் ‘கொம்பெசியொனாயரு’ என்ற நூலை அச்சிட்டார். அதே சபையின் வீரமாமுனிவர், மறைக்கல்வி கற்பிக்கும் வேதியர்களுக்கென ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். அந்தச் சபையை நிறுவிய இஞ்ஞாசியாரோ ஒரு குறையைத் தேர்ந்து, தவறிய ஒவ்வொரு முறைக்கும் கோட்டின்மேல் குறியிட்டு, நாளுக்கு நாள் ஒப்பிட்டுப் பார்க்கும் முறையை வகுத்தவர். நுணுக்கமான முறைதான். ஆனால் அங்கே கணக்கில் வருவது நான் செய்த செயல். ஊரே சேர்ந்து செய்வதை, செய்கிறோம் என்ற உணர்வே இல்லாமல் செய்வதை, எந்தக் கோட்டில் குறிப்பது?

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். மனச்சான்று தனியாளுடையது, சமூக அமைப்பைத் திருத்துவது அரசின் வேலை, இரண்டையும் குழப்பினால் எல்லாரும் குற்றவாளி, எவரும் பொறுப்பாளி இல்லை என்றாகிவிடும். வலுவான மறுப்பு. எனினும் பவுலடிகள் இதற்கு இடம் தரவில்லை. நற்கருணைக்கு முன் ஒவ்வொருவரும் தம்மைச் சோதித்தறிய வேண்டும் என்று அவர் கொரிந்தியருக்கு முதல் மடல் 11ஆம் அதிகாரத்தில் சொல்வதை நாம் தனியே பிய்த்தெடுத்துப் படிக்கிறோம். அதற்குச் சில வரிகள் முன்னால் அவர் கண்டிப்பது என்ன? ஆண்டவரின் பந்தியில் ஒருவர் பசித்திருக்க மற்றொருவர் குடித்து வெறித்திருப்பதை, இல்லாதவர்களை வெட்கப்படுத்துவதை. சோதனைக்கான கட்டளை பிறந்ததே பிளவுபட்ட பந்தியில்தான். காணிக்கையோடு பீடத்தருகே வந்தவன் தன் சகோதரனுக்குத் தன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுகூர்ந்தால் திரும்பிப் போகச் சொல்லும் மத்தேயு 5ஆம் அதிகாரமும் அப்படியே. உன் மனத்தில் என்ன இருக்கிறது என்பதோடு அது நிற்கவில்லை. அவன் மனத்தில் உன்மேல் என்ன இருக்கிறது என்று கேட்கிறது.

அதே 1745இல் ஒழுகரையில் கோவில் கட்டி முடித்துப் பெருவிருந்து வைத்த கிறிஸ்தவரான துபாசி கனகராய முதலியார் பக்தியில் குறைந்தவர் அல்லர். அந்த விருந்தில் சாதிவாரியாகத்தான் பரிமாறினார்கள். அதை உறுத்தலோடு எழுதி வைத்தவர் வைணவரான ரங்கப் பிள்ளை. அவர் சாதியை எதிர்த்தவர் அல்லர். கனகராயரிடம் பகையும் உண்டு. இருந்தும் உள்ளிருந்தவர்களுக்குத் தென்படாத முரண் வெளியாள் கண்ணில் பட்டது.

ஆகவே சோதனை நேர்மையானதா என்பதை, சோதிப்பவரின் உருக்கத்தை வைத்து அளக்க முடியாது. பாதிக்கப்பட்டவர் வாய்திறக்க அதில் இடமுண்டா என்பதே அளவுகோல். 1745இல் சுவர் தவறென்று முதலில் சொன்னவர்கள் அதன் மறுபுறம் நிறுத்தப்பட்டவர்கள்தாம். 2008 மார்ச்சில், இதே புதுவை – கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் வன்னியர், தலித் கிறிஸ்தவர்களிடையே மோதல் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தனர். அங்கும் வழிபாட்டில் சம உரிமை கேட்டு முதலில் குரல் எழுப்பியவர்கள் தலித் கிறிஸ்தவர்கள். இந்திய ஆயர் பேரவை சாதிப் பாகுபாட்டைக் கடுமையான சமூகப் பாவமாக ஏற்றுத் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டதோ அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 2016 டிசம்பரில்தான்.